பொருள்: நான்கு கரண்டிச் சோறு

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கை எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். அங்கே நீங்களும் அண்ணியும் நலமா என்று கேட்பது முறை, அதனால் கேட்டுவிட்டேன். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

நீங்கள் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற தங்கைக்குப் பதிவுத் தபால் அனுப்பிய முதல் அண்ணன் நீங்களாகத்தான் இருப்பீர்கள். கையெழுத்து வாங்கும்போது தபால்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கோர்ட்டு சமாச்சாரமாம்மா?" என்று கேட்டார். இல்லை, அண்ணன் எழுதியிருக்கிறார் என்றேன். அவர் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு, "அப்ப கோர்ட்டுக்கு முன்னாடி போடுற லெட்டரா?" என்றார். முப்பத்துநான்கு வருடம் குடிநீர் அலுவலகத்தில் உட்கார்ந்து, குழாயைத் துண்டிக்கப் போகிறோம் என்று ஊருக்கெல்லாம் நோட்டீஸ் எழுதிய கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்காது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் கூடப்பிறந்தவளுக்கு எழுதும் கடிதத்தில் "பொருள்: தங்களது அண்மைக்கால நடவடிக்கைகள் தொடர்பாக" என்று போட்டு, கீழே வரிசையாக எண் கொடுத்துக் குற்றங்களை அடுக்கி, "ஏழு தினங்களுக்குள் எழுத்துமூலமாக விளக்கம் அளிக்கத் தவறும் பட்சத்தில்" என்று முடித்திருக்கிறீர்கள். தவறினால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் எழுதவில்லை. தண்ணீரை நிறுத்துவீர்களோ என்னவோ. இன்று ஆறாவது நாள். விளக்கம் இதோ.

நான் நாக்கைக் கட்டத் தெரியாமல் வயிற்றை அறுத்துக்கொண்டவள் என்பது முதல் குற்றம். தங்களுடைய பணி ஓய்வு விருந்தில் நான்கு கரண்டிச் சோற்றோடு எழுந்து, சமைத்த அண்ணியை அவமதித்தேன் என்பது இரண்டாவது. அதே விருந்தில் அலுவலக நண்பர்கள் முன்னிலையில் அண்ணனை எதிர்த்துப் பேசினேன் என்பது மூன்றாவது. மூன்றும் நடந்தவைதான். மன்னிப்பு மட்டும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கும் படிக்கச் சுலபம்.

வயிற்றை ஏன் அறுத்துக்கொண்டேன் என்று நீங்கள் இதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, "நடந்தா குறையும்" என்று மட்டும் சொன்னீர்கள், அதனால் இப்போது கேட்காமலேயே சொல்கிறேன். நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தபோது தையல் கடையில் என்னால் குனிந்து ஒருத்தருக்குப் பாவாடை நீளம் அளக்க முடியவில்லை. அளவு கொடுக்க வருகிறவர்களை முக்காலியில் ஏற்றி நிறுத்திவிட்டு நான் உட்கார்ந்தபடி அளப்பேன். முக்காலியில் ஏறினால் தலைக்கும் மின்விசிறிக்கும் இடையே ஒரு சாண்தான் இருக்கும் என்பதால் விசிறியை நிறுத்திவிட வேண்டும், நிறுத்தினால் எனக்கு வேர்க்கும், வேர்த்தால் டேப் கையில் வழுக்கும், வழுக்கினால் அளவு தப்பும், இப்படியே ஒரு வருடத்தில் ஏழு பாவாடை கணுக்காலுக்கு மேலே போனது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு வெள்ளைச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது கண் செருகிவிட்டது. கண் மட்டும்தான் தூங்கியது, கால் மிதியிலேயே இருந்தது. மோட்டார் வைத்த மிஷின், அதற்குத் துணி எது விரல் எது என்று தெரியாது. ஊசி ஆள்காட்டி விரல் நகத்தின் வழியாக இறங்கி, அடியில் இருந்த நூலையும் கோத்து, இரண்டு தையல் போட்ட பிறகுதான் நான் விழித்தேன். பஸ் ஓட்டிவிட்டு வந்து சாய்ந்திருந்த உங்கள் மாப்பிள்ளை ஓடிவந்து சக்கரத்தைக் கையால் திருப்பி ஊசியைத் தூக்கினார். காலரும் விரலும் ஒன்றாகத் தைத்துக் கிடந்ததால் சட்டையோடுதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வாசலில் இருந்தவர்கள் நான் சட்டையை எங்கேயோ திருடிக்கொண்டு ஓடி வந்து மாட்டிக்கொண்டதாக நினைத்திருப்பார்கள்.

தையலைப் பிரித்த டாக்டரம்மா, "பட்டப்பகல்ல எப்படித் தூங்கினீங்க?" என்று கேட்டார். ராத்திரி தூக்கம் சரியில்லை என்றேன். "குறட்டை விடுவாங்களா?" என்று இவரைக் கேட்டார். இவர் எப்போதும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் பேசினார். "அவ குறட்டை விட்டா நான் நிம்மதியாத் தூங்கிடுவேன் டாக்டர். நிறுத்தினாத்தான் முழிச்சுக்குவேன்" என்றார். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "நிறுத்துறாங்களா?" என்றார். "நிறுத்துவா. நான் எண்ணுவேன். இருபது, இருபத்தஞ்சு எண்ணறவரைக்கும் மூச்சு இருக்காது. முப்பதுக்கு மேல போனா தோளைத் தட்டுவேன். நாலு வருஷமா இப்படித்தான்." அண்ணா, நாலு வருடமாக இந்த மனிதர் பாதித் தூக்கத்தோடு அறுபது பேரை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டியிருக்கிறார், எனக்கு மூச்சு எண்ணிக்கொண்டு. எனக்கு அதுவரை தெரியாது. எடைதான் மூச்சை அடைக்கிறது, வயிற்றைச் சுருக்கினால் சரியாகும் என்றார் டாக்டரம்மா. அங்கேயே, விரலில் கட்டோடு, ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று முடிவு செய்தேன். அதற்கு முன்னால் நான் நாக்கைக் கட்டாமல் இருந்தேனா? ஏழு தடவை கட்டினேன். காலையில் வெந்நீர், மத்தியானம் வெள்ளரிக்காய், சாயங்காலம் நீங்கள் சொன்ன அந்த நடை. பதினொரு கிலோ குறைந்தது, பதினான்கு கிலோ ஏறியது. கட்டக் கட்ட அவிழ்கிற முடிச்சைப் போட்டுக்கொண்டே இருந்தால் நல்ல தையல்காரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆபரேஷனில் இரைப்பையைச் சுருக்கி, ஒரு முட்டை அளவுக்குச் சின்னப் பை செய்து, குடலை எடுத்து அதில் நேராக இணைத்துவிட்டார்கள். டாக்டரம்மா படம் வரைந்து காட்டியபோது எனக்குச் சட்டென்று புரிந்தது; தொளதொள பையைப் பிடித்துத் தைத்து மேலே ஒரு சின்ன ஜேபி வைப்பதுதான். இரண்டு வாரம் வெறும் தண்ணியாகச் சூப்பு. அடுத்த இரண்டு வாரம் எல்லாவற்றையும் மசித்து, பல் முளைக்காத குழந்தைக்குப் போல. அப்புறம் ஒரு வாய்க்கு இருபது தடவை மெல்ல வேண்டும், சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, முதலில் மீனோ பருப்போ, பிறகு காய், இடமிருந்தால்தான் சோறு, இடம் இருக்காது. நாலாவது மாதம் சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. ஆறாவது மாதம் நின்றது. நாக்கைச் சொன்னீர்களே, அந்த நாக்கே மாறிப்போய்விட்டது அண்ணா. நான் உயிராக இருந்த டீ தகரத்தை நக்கியது போல இருக்கிறது. முட்டை வெந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போகிறேன். பிடிக்கவே பிடிக்காது என்று ஒதுக்கிய புளித்த தயிரை நினைத்தால் வாய் ஊறுகிறது. பேக்கரியைத் தாண்டும்போது முன்பெல்லாம் கால் தானாக நிற்கும், இப்போது பக்கத்துப் பெட்டிக்கடையில் வெள்ளரிப் பிஞ்சு வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். நாற்பத்தொன்பது வயதில் இன்னொருத்தி நாக்கை என் வாயில் வைத்துத் தைத்துவிட்டார்களோ என்று எனக்கே சந்தேகம் வரும்.

பதினொரு மாதத்தில் நாற்பத்தேழு கிலோ போயிற்று. எழுபத்தொன்றில் நிற்கிறேன். வீட்டில் மொத்தமாகப் பார்த்தால் அவ்வளவு குறையவில்லை, ஏனென்றால் தட்டில் நான் வைக்கிற மிச்சத்தை வீணாக்க மனசு வராமல் உங்கள் மாப்பிள்ளை சாப்பிட்டு ஒன்பது கிலோ ஏறிவிட்டார். அவரையும் இப்போது அடக்கிவைத்திருக்கிறேன். போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது சீட்டு எழுதுகிற பெண் என் பழைய அட்டையைப் பார்த்து, என்னைப் பார்த்து, "பேஷண்டை நேர்ல கூட்டிட்டு வாங்கம்மா, கூட வந்தவங்களை மட்டும் பார்க்க மாட்டாங்க" என்றது. தெருவில் நிலைமை வேறு. எதிர்வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த இடத்துலம்மா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "கட்டி எந்த இடத்துல?" என்றார். கட்டி எதுவும் இல்லை, நானேதான் கட்டியாக இருந்தேன், எடுத்துவிட்டார்கள் என்றேன். வங்கியில் வேலை பார்க்கிற அம்மா, பதினைந்து வருடமாக என்னிடம்தான் ரவிக்கை தைக்கிறார், தலைக்குமேல் விசிறியோடு முக்காலியில் நின்றவர், நான் குனிந்து அளந்ததைப் பார்த்து முகம் வாடிப்போனார். "நீயாவது எங்களை மாதிரி இருந்தே. உன்கிட்ட அளவு குடுக்கக் கூச்சமா இருக்காது. நீயும் கட்சி மாறிட்டே" என்றார். நான் சொன்னேன், "அக்கா, உடம்புதான் கட்சி மாறியிருக்கு, கத்தரிக்கோல் மாறல. உங்க இடுப்புல எந்த எடத்துல தூக்கிக் குடுத்தா உக்காரும்போது பிடிக்காதுன்னு ஒல்லியாப் பொறந்தவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்." அவர் இரண்டு வாரம் வேறு கடைக்குப் போய்விட்டு, மூன்று ரவிக்கையைப் பாழாக்கிக்கொண்டு திரும்பி வந்தார். கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் டேப்பை எடுத்து அளந்தேன்.

இனி உங்கள் விருந்துக்கு வருகிறேன். அண்ணி சமையலை நான் அவமதிக்கவில்லை. அந்த மீன் நன்றாக இருந்ததால்தான் மூன்று கரண்டியில் நிறுத்த வேண்டியவள் நான்காவது கரண்டிக்குப் போனேன், அதற்கே நெஞ்சு அடைத்தது. நீங்கள் என் தட்டை எட்டிப் பார்த்து, "என்ன, இவ்வளவுதானா?" என்றீர்கள். "போதும்ணா, நிறைஞ்சுடுச்சு" என்றேன். "நாலு கரண்டியிலயா? பூனைக்கு வெச்சாக்கூட இன்னொண்ணு கேக்கும்." அண்ணி காதில் என்னுடைய "போதும்" மட்டும் விழுந்து கண் கலங்கிவிட்டது. நான் அவரைக் கூப்பிட்டு விளக்குவதற்குள் நீங்கள் மைக்கைப் பிடித்துவிட்டீர்கள். எல்லாருக்கும் நன்றி சொல்லி முடித்து, கடைசியில் என்னைக் கை காட்டி, "இது என் தங்கச்சி. சின்ன வயசுல பூசணின்னு கூப்பிடுவோம். இப்ப வத்தலாயிட்டா" என்றீர்கள். அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன், நாற்பது வருடப் பழக்கம். அதன் பிறகு கேக் வந்தது. குழாய் மாதிரி செய்து, வாயிலிருந்து தண்ணீர் கொட்டுவது போல நீலக் கிரீம் வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு பெரிய துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே நின்றீர்கள்.

"வேண்டாம்ணா. இனிப்பு ஆகாது. டாக்டர் சொல்லியிருக்காங்க."

"டாக்டர் உன்னைத் தூக்கி வளத்தாரா? நான் வளத்தேன். வாயைத் திற."

போட்டோக்காரர் வேறு, "சார், இன்னும் கொஞ்சம் கிட்ட" என்றார். வேண்டாம் என்று சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டியிருந்தது, திறந்தேன், கேக் உள்ளே போய்விட்டது. உங்களுக்கு இது தெரியாது, அதனால் எழுதுகிறேன்: என் சின்னப் பையில் இனிப்பு தங்காது, நேராகக் குடலில் போய் விழும். பத்தாவது நிமிடம் நெஞ்சு தறிகெட்டு அடித்தது. காதுக்குள் மிஷின் ஓடியது. வேர்த்து, கண் இருட்டி, உங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்கும் வெங்காயக் கூடைக்கும் நடுவே தரையில் விழுந்து கிடந்தேன். அண்ணிதான் பாத்திர மூடியால் விசிறினார். வெளியே உங்கள் குரல் கேட்டது. "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன். சாப்பிட மாட்டேங்கறா, உடம்புல ஒண்ணுமில்ல." கேக் ஊட்டிய கையைத் துடைத்துக்கொண்டே சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அரைமணி நேரம் கழித்து நான் எழுந்து கூடத்துக்கு வந்தபோது, ஒரு தட்டு நிறையச் சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்து, "இப்பவாவது ஒழுங்கா உக்காந்து சாப்பிடு" என்றீர்கள்.

அப்போது நான் சொன்னதைத்தான் மூன்றாவது குற்றமாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் என்ன சொன்னேன் என்று எழுதாமல் "தகாத வார்த்தைகள்" என்று போட்டுவிட்டீர்கள். தகாத வார்த்தை ஒன்றும் அதில் இல்லை. "அண்ணா, நாம வளந்த வீட்ல எது மிஞ்சினாலும் என் தட்டுலதான் விழும். அப்பா பாதியில எந்திரிச்சுட்டா எனக்கு. உங்களுக்குப் பிடிக்கலன்னா எனக்கு. கெட்டுப்போறதுக்குள்ள பூசணிகிட்ட குடுத்துடுன்னு நீங்கதான் சொல்வீங்க. அந்தக் குப்பைத் தொட்டியை இப்ப மூடியாச்சு. வேற தொட்டி பாருங்க." இவ்வளவுதான் சொன்னேன். சத்தம் போடவில்லை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போன வீட்டில் எனக்குச் சோறு பிசைந்து போட்டவர் நீங்கள்தான், பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னி விட்டதும் நீங்கள்தான், கோணல் வகிடு எடுப்பீர்கள். அதையெல்லாம் மறந்தவள் இல்லை. ஆனால் ஊட்டின கைக்காக ஆயுசு முழுக்க வாயைத் திறந்துகொண்டே இருக்க முடியாது. நான் சாப்பிட்டால் உங்களுக்கு வயிறு நிறைகிறது என்றால் அது என் வயிற்றின் வேலை இல்லை.

உடம்பைப் பற்றி எனக்குப் புத்தி சொல்ல உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்க மாட்டேன், மூத்தவர். ஆனால் உங்கள் இடுப்பளவு இருபத்தாறு வருடமாக என் நோட்டில் இருக்கிறது என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். முப்பத்திரண்டு அங்குலத்தில் ஆரம்பித்தது. இப்போதைய அளவை இங்கே எழுதவில்லை. தபாலில் போகிற கடிதம், யாராவது பிரித்துவிட்டால் உங்களுக்குத்தான் சங்கடம். போன முறை அளந்தபோது டேப்பின் இரண்டு முனையும் சந்திக்க அண்ணி ஒரு முனையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆகவே என் விளக்கத்தின் முடிவு. நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீங்கள் என் முன்னால் வந்து, கேக் ஊட்டியது தப்பு என்று உங்கள் வாயால் சொல்லும்வரை உங்கள் வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன். இன்று முதல் உங்களுக்குச் சட்டையோ கால்சட்டையோ தைப்பதில்லை, பட்டன்கூட வைப்பதில்லை. கடைவீதியில் ரெடிமேட் விற்கிறார்கள்; உங்கள் அளவுக்கு இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நான் எழுபத்தொரு கிலோவாக, நான்கு கரண்டிச் சோறு சாப்பிடுகிறவளாக, மூச்சு நிற்காமல் தூங்குகிறவளாகவே இருக்கப் போகிறேன். இதில் மாற்றமில்லை.

அண்ணிக்கு என் அன்பையும், அந்த மீனுக்கு என் மனமார்ந்த பாராட்டையும் தெரிவிக்கவும். நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூத்தவர் என்பதால் என் வணக்கத்தையும் இத்துடன் வைக்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
விளக்கம் அளிக்கத் தவறாத
தங்கை

பி.கு. உறையை ஒட்டப் போகும் நேரத்தில் அண்ணி கடைக்கு வந்தார். "அவருக்குத் தெரியாதும்மா" என்று சொல்லி உங்கள் சாம்பல் நிறக் கால்சட்டையைக் கொடுத்து, இடுப்பில் இரண்டு அங்குலம் விட்டுத் தரச் சொன்னார். மாட்டேன் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எந்தத் துணி வந்தாலும் முதலில் ஜேபியைத் துழாவிப் பார்ப்பது தொழில் வழக்கம், கை தானாகப் போய்விட்டது. உள்ளே ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. என் டாக்டரம்மாவுடைய சீட்டு. தேதியைப் பார்த்தால், நீங்கள் பதிவுத் தபால் அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பு. எடை நூற்று முப்பத்தொன்று. வருகிற செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி, வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை, கூட ஒரு ஆள் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. பின்பக்கம் உங்கள் கையெழுத்தில், வழக்கம்போல எண் போட்டு, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். வலிக்குமா. எத்தனை நாள் படுக்கை. அறுபது வயதில் செய்வார்களா. நான்காவதாக, அன்றைக்கு என் தங்கை விழுந்தது கேக்கினாலா.

அண்ணியிடம் ஒன்றும் சொல்லவில்லை, சீட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். டாக்டரம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம், நானே சொல்கிறேன். வலிக்கும், தாங்கலாம். எனக்கு நாலு நாள். அறுபதிலும் செய்வார்கள், நானே பார்த்திருக்கிறேன். நான்காவதற்கு, ஆமாம் அண்ணா, கேக்கினால்தான். நேரில் வந்து சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன். மேலே எழுதியதைக் கிழிக்க மனசில்லை, இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது, படித்துவிட்டு எங்காவது வைத்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன், நான்தான் கூட வரும் ஆள். வழியில் பிஸ்கட் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு வராதீர்கள், வெறும் வயிறு என்றால் வெறும் வயிறு. கால்சட்டையை இரண்டு அங்குலம் விட்டிருக்கிறேன். மிஷினில் தைக்கவில்லை, கையால் ஓட்டுத் தையல்தான் போட்டிருக்கிறேன். சீக்கிரமே பிடிக்க வேண்டியிருக்கும், அப்போது பிரிப்பதற்குச் சுலபமாக இருக்கட்டும்.